அப்பாவின் ஆம்ப்ளிஃபயரும் ஒரு கிலோ டப்பாவும்

2024 தீபாவளிக்கு முந்தின வாரம் எங்க வீட்டு ஹாலில் நாற்பது கிலோ எடை குறைந்தது. நான் இல்லைங்க. (நான் குறைஞ்சிருந்தா தங்கமணி அதுக்குத் தனியா ஒரு விழாவே எடுத்திருப்பாங்க.) குறைந்தது அப்பாவோட ஸ்டீரியோ செட். ஒரு ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, சோஃபாவுக்குப் பின்னாடி நெளிஞ்சு ஓடின வயர் எல்லாம் போய், அந்த இடத்தில் சொம்பு சைஸில் ஒரு டப்பா வந்து உட்கார்ந்தது. எடை ஒரு கிலோ இருந்தா அதிகம். புளூடூத், வைஃபை, உள்ளேயே பேட்டரி. துணி போர்த்தின மாதிரி சாம்பல் கலர். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது.

நான் ரொம்ப விவரமான ஆள்னு நினைச்சுக்கிட்டு செஞ்ச காரியம் இது. அதில் எங்கே சறுக்கினேன்னு எனக்கே புரிய ரெண்டரை மாசம் ஆச்சு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அப்பா மதுரையில் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். 1988ல் அந்த செட்டை ஒரே நாளில் வாங்கலை, துண்டு துண்டாச் சேர்த்தார். ஆம்ப்ளிஃபயர் டவுன் ஹால் ரோடில் ஒரு கடையில். எட்டு இஞ்ச் வூஃபரும் ட்வீட்டரும், ஆபீஸ் வேலையா மெட்ராஸ் போனப்போ ரிச்சி ஸ்ட்ரீட்டில். பெட்டி எங்க தெரு ஆசாரி அடிச்சுக் குடுத்தது. பெட்டிக்குள்ள சத்தம் எதிரொலிக்காம இருக்கப் பஞ்சு வைக்கணும்னு யாரோ சொல்ல, அம்மா ஒரு இலவம்பஞ்சுத் தலையணையை தானம் பண்ணாங்க. கடைசியா வந்தது கேசட் டெக். எல்லாம் சேர்த்து அப்பாவோட மூணு மாச சம்பளம். அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் துணி கிடையாது.

ஸ்டீரியோன்னா என்னன்னு எங்களுக்குக் காட்ட அப்பா போட்டது 'ப்ரியா' படத்துப் பாட்டு. 1978ல் வந்தது, தமிழில் முதல் ஸ்டீரியோப் பதிவுன்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் ஒத்தை ஸ்பீக்கர் டேப்ரிக்கார்டர்ல கேட்டுப் பழகின காதுக்கு, ஒரு வாத்தியம் இடது பக்கமும் இன்னொண்ணு வலது பக்கமும் வந்து, பாடற ஆள் ரெண்டு பெட்டிக்கும் நடுவில் வெறும் சுவத்தில் நிக்கற மாதிரி இருந்ததுல நான் 'ஙே'ன்னு முழிச்சேன். எழுந்து போய் அந்தச் சுவத்தைத் தொட்டுப் பார்த்ததா அம்மா வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாங்க.

அப்புறம் ரெக்கார்டிங் கடை. இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கறது கஷ்டம். வேணுங்கற பாட்டை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒரு காலி டிடிகே கேசட்டோட கடையில் குடுத்தா, ஒரு வாரம் கழிச்சுப் பதிஞ்சு குடுப்பாங்க. அறுபது நிமிஷ கேசட்டில் பன்னெண்டு பதிமூணு பாட்டு வரும். லிஸ்ட் எழுதறது எப்பவும் அம்மா. சைடு ஏ முடியற இடத்தில் ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தா கடைக்காரர் அடுத்த பாட்டைப் பாதி வரைக்கும் போட்டு அடைச்சிடுவார். அந்தப் பாதிப் பாட்டு எங்க வீட்டில் எல்லாருக்கும் பாதி வரைக்கும்தான் தெரியும். அக்கா இன்னிக்கும் சமையல் பண்ணிக்கிட்டே பாடும்போது கரெக்டா அந்த இடத்தில் நிறுத்திடுவா.

2009ல் மதுரை வீட்டைக் காலி பண்ணி சின்ன வீட்டுக்குப் போனப்போ, "நீ எடுத்துட்டுப் போப்பா, இங்க வைக்க இடமில்லை"ன்னு அப்பா செட்டை எனக்குக் குடுத்தார். பார்சல் லாரியில் புனே வந்து சேர்ந்தது. பெட்டிகளைச் சுத்தி அம்மாவோட பழைய சுங்குடிப் புடவை ரெண்டு. அதுக்கப்புறம் ஹடப்ஸர், கராடி, வாக்கட்னு நாலு வாடகை வீடு. ஒவ்வொரு தடவையும் சாமான் ஏத்த வர்ற பையன் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, "அங்கிள், இஸ்மே க்யா ஹை, பத்தர்?"னு கேப்பான். கல்லு இல்லடா தம்பி, காந்தமும் பலகையும்.

அம்மா 2020ல் போயிட்டாங்க. அடுத்த வருஷம் அப்பா எங்களோட புனேக்கே வந்துட்டார். ஊர்லேர்ந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினப்போ அவர் கையில் இருந்தது ஒரு சூட்கேஸ், ஒரு பை. பை நிறைய கேசட்.

இங்க அவருக்கு மொழி கிடையாது. கீழ பார்க்கில் இருக்கற பெரியவங்க மராத்தியில் பேசிக்குவாங்க, இவர் சிரிச்சுட்டு நடந்துட்டு வருவார். நானும் தங்கமணியும் ஆணி பிடுங்கப் போயிடுவோம், பாப்பா ஸ்கூல். ஆனா காலையில் அஞ்சரைக்கு எழுந்து, சுவத்து ஸ்விட்சைப் போட்டு, ஆம்ப்ளிஃபயர் பட்டனை அமுக்கி, கேசட்டைத் தள்ளி, குமிழைக் கொஞ்சமாத் திருகுவார். சூலமங்கலம் சகோதரிகளோட கந்த சஷ்டி கவசம். அது முடிஞ்சா டி.எம்.எஸ். மத்தியானம் அம்மா லிஸ்ட் போட்ட கேசட் ஏதாவது ஒண்ணு. குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வரும். அவரே ஸ்பிரே அடிச்சு நாலு தடவை இப்படியும் அப்படியும் திருப்பி சரி பண்ணிக்குவார். மாசத்துக்கு ஒருக்கா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டெக்கோட ஹெட்டைத் துடைப்பார். யாரையும் எதுக்கும் கூப்பிட்டது இல்லை.

சரி, ஏன் மாத்தினேன்?

காரணம் இல்லாம இல்லை. வூஃபரைச் சுத்தி இருக்கற ஃபோம் வளையம் பதினஞ்சு இருபது வருஷத்தில் தானாவே உதிர்ந்து போற சாமான். ஒரு தடவை மாத்தியிருந்தோம், அதுவும் மறுபடி பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சது. கொஞ்சம் சத்தம் வச்சா கிழிஞ்ச முறம் அடிக்கற மாதிரி 'பட பட'ன்னு ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயர்ல கெப்பாசிட்டர் காய்ஞ்சு போய், பாட்டு இல்லாதப்பவும் 'ம்ம்ம்...'னு ஒரு முனகல். புதுவார் பேட்டை மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டினேன். உள்ளே இருக்கற எஸ்டிகே ஐசி இப்ப தயாரிப்பிலேயே இல்லை, மார்க்கெட்டில் கிடைக்கறதில் பாதி டூப்ளிகேட், போட்டாலும் எத்தனை நாள் வரும்னு சொல்ல முடியாதுன்னு கை விரிச்சுட்டார். நேர்மையான மனுஷன். அதோட பாப்பாவுக்குப் படிக்கற மேஜை போட இடம் வேணும். கீழ் வீட்டுக்காரங்க வேற ரெண்டு தடவை வந்து, காலங்காத்தால 'தம் தம்'னு கேக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எட்டு இஞ்ச் வூஃபரோட அடித்தொனி சுவத்துக்கும் தரைக்கும் அடங்காது, அவங்க மேலயும் தப்பு இல்லை.

அப்பாகிட்ட சொன்னப்போ, "உனக்குத் தோணுறதைச் செய்யிப்பா"ன்னார். அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

பங்கார்வாலா வந்து தராசில் தொங்கவிட்டு அறுநூறு ரூபா குடுத்தான். கேசட் டெக்கையும் தூக்கப் போனவனை தங்கமணி, "ஏங்க, அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்ங்க"ன்னு நிறுத்தி பரண்ல ஏத்தச் சொன்னாங்க. எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாயங்காலம் அப்பா கேட்டார்.

"எவ்வளவுப்பா குடுத்தான்?"

"அறுநூறுப்பா."

"அந்த டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கற செம்புக்கே ஆயிரம் வருமே"ன்னுட்டு பேப்பரைப் பிரிச்சுட்டார். அவ்வளவுதான். செட்டைப் பத்தி அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.

புது டப்பா பத்தி ஞாயமா சொல்லணும். அந்த அளவுக்கு அது செய்யறது பெரிய வித்தை. தாழ்ந்த தொனி வரணும்னா நிறையக் காத்தைத் தள்ளணும், அதுக்குப் பெரிய கோன் வேணும், பெரிய பெட்டி வேணும். இதில் ரெண்டுமே இல்லை. அதனால சின்ன கோனையே ரொம்ப தூரம் முன்னும் பின்னும் ஓடவிட்டு, பக்கத்தில் காந்தமே இல்லாத ஒரு சவ்வையும் சேர்த்து அதிரவிட்டு, உள்ளே இருக்கற சிப் தாழ்ந்த தொனியைத் தூக்கிக் குடுக்குது. சத்தத்தை ரொம்ப ஏத்தினா அதே சிப், கோன் கிழிஞ்சுடக்கூடாதுன்னு தொனியை நைசாக் குறைச்சிடும். 'திருடா திருடா' பாட்டைப் போட்டு முழு சத்தம் வச்சுப் பாருங்க, மெதுவா வச்சப்போ இருந்த கனம் காணாமப் போயிருக்கும். ஸ்டீரியோவும் பேருக்குத்தான். ஒரு சாண் அகலத்துக்குள்ள இடது ஏது வலது ஏது? இன்னொரு டப்பா வாங்கி ஜோடி சேர்க்கலாம், அதுக்கு இன்னொரு பில். நான் சின்ன வயசில் தொட்டுப் பார்த்த அந்தச் சுவர் பாடகர் இதில் வரவே மாட்டார். ஆனா சமையல் ரூமுக்குத் தூக்கிட்டுப் போகலாம், பால்கனிக்குத் தூக்கிட்டுப் போகலாம். தங்கமணிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பாப்பா ஒரே நாளில் அதுக்கு எஜமானி ஆயிட்டா.

அப்பாவுக்கும் சொல்லிக் குடுத்தேன். போனைத் திற, புளூடூத்தைப் போடு, டப்பா பேரைத் தொடு, ஆப்பைத் திற, விளம்பரம் வந்தா அஞ்சு செகண்ட் பொறு, பேரை டைப் அடி. சஷ்டிக்கு ஆங்கிலத்தில் எஸ்ஸா எஸ்ஹெச்சா? முதல்ல அங்கேயே நின்னுட்டார். வயசானவங்களுக்கு விரல் நுனி காய்ஞ்சு போயிடும், தொட்டா போன் கண்டுக்காது, அழுத்தி அமுக்கினா வேற எதையோ திறக்கும். பேர் அடிச்சா இருபது கவசம் வரும், யார் யாரோ பாடினது. எல்லாத்தையும் தாண்டி வந்தாலும் டப்பா ஏற்கனவே பாப்பாவோட டேப்லெட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், இவர் போனைச் சேர்த்துக்காது. வாயால் சொன்னாலே பாட்டுப் போடும்னு சொல்லிக் குடுத்தேன். அதுக்கு இங்கிலீஷும் இந்தியும்தான். எங்கப்பாவோட மதுரை இங்கிலீஷைக் கேட்டு அது போட்டது முருகன் பாட்டுதான், ஆனா டமடமன்னு டிஸ்கோ அடிக்கற ரீமிக்ஸ்.

இருந்தாலும் விடாம ஒரு வாரம் முயற்சி பண்ணார். ஒரு நாள் பாட்டு நல்லபடியா ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நடுவில் ஊர் நண்பர் வாட்ஸப்பில் ஏதோ வீடியோ அனுப்ப, அப்பா அதைத் தொட்டுட்டார். போன்தான் டப்பாவோட சேர்ந்திருக்கே. மலச்சிக்கலுக்குக் கடுக்காய் சாப்பிடறது எப்படின்னு ஒரு வைத்தியர், ஹாலே அதிரும்படி கணீர்னு ஆரம்பிச்சுட்டார். உள் ரூமில் தங்கமணி மீட்டிங்ல இருந்தாங்க. மைக் ஆன்ல. எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம அப்பா போனை சோஃபா தலைகாணிக்கு அடியில் வச்சு அமுக்கியிருக்கார். சத்தம் வர்றது போன்லேர்ந்தா என்ன?

தங்கமணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவங்க டீமில் இருந்த இன்னொரு தமிழர் மட்டும் 'கடுக்காய் நிஜமாவே நல்லதுங்க'ன்னு மெசேஜ் அனுப்பினாராம். ராத்திரி சாப்பாட்டில் அப்பாவும் கூடவே சிரிச்சார். ஆனா அன்னிக்கு அந்த டப்பாவை விட்டு எடுத்த கையைத் திரும்ப வைக்கலை. இது எனக்கு அப்போ தெரியலை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. நான் சாப்பாட்டு மேஜையில் பொட்டியோட உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, ஹோம்வொர்க் முடிச்சதும் தாத்தாவுக்கு ஒரு பாட்டுப் போடறியா?"

"ஏக் மினிட் தாத்தா."

பாப்பா ஹோம்வொர்க்கை முடிச்சா, கீழ சைக்கிள் ஓட்டப் போயிட்டா. மறந்துட்டா, குழந்தைதானே. அப்பா கண்ணாடியைக் கழட்டி மடிச்சுக் கையில் வச்சுக்கிட்டு டப்பாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அஞ்சு நிமிஷம் இல்லை, அரை மணி நேரம். கோயில்ல நடை திறக்கறதுக்கு உட்கார்ந்திருப்பாங்களே, அந்த மாதிரி.

"நீங்களே போட்டுக்க வேண்டியதுதானேப்பா?"

"இருக்கட்டும்ப்பா. யாருக்காவது மீட்டிங் இருக்கும்."

"இன்னிக்கு சனிக்கிழமைப்பா."

"ஆமால்ல"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டார்.

நான் மனசுக்குள்ள நாளை எண்ணிப் பார்த்தேன். தீபாவளி, கார்த்திகை, மார்கழி முழுசும், பொங்கல். மார்கழியில் இந்த மனுஷன் பாட்டுக் கேக்காம இருந்திருக்கார், அதே வீட்டில் நானும் இருந்திருக்கேன். நான் இவ்வளவு நாளா சத்தத்தைப் பத்தியே யோசிச்சேன். தொனி, கனம், இடது, வலது. அந்தப் பழைய செட் முனகினாலும் கிழிஞ்சாலும், அஞ்சரை மணிக்கு யார் தயவும் இல்லாம அவர் கையால் போட முடிஞ்ச ஒண்ணு. இந்த வீட்டில் அப்படி அவர் கையில் வேற என்ன இருக்குன்னு தேடிப் பார்த்தேன். கேஸ் அடுப்பு லைட்டர், பால்கனித் துளசிக்குத் தண்ணி. அதுக்கு மேல ஒண்ணும் தட்டுப்படலை.

அன்னிக்கே பரண்லேர்ந்து டெக்கை இறக்கினேன். மூடியைத் திறந்தா பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தது. ரப்பர் பெல்ட் பழசானா அப்படித்தான் ஆகுமாம். அப்பா ஒண்ணும் சொல்லாம ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துட்டு வந்து தரையில் பேப்பர் விரிச்சு உட்கார்ந்தார். கப்பியை எல்லாம் சுத்தம் பண்ணி, நூலைச் சுத்தி அளவெடுத்து, "நூலை விடக் கொஞ்சம் சின்னதாப் பார்த்து வாங்கு, இறுக்கம் வேணும்"னார். தாப்கீர் கல்லியில் நாலு கடை ஏறி இறங்கினேன். "கேசட்? அபி தக்?"னு ஒருத்தர் சிரிச்சார். அஞ்சாவது கடையில் ஒரு பிளாஸ்டிக் பையில் கலவையா பெல்ட் கட்டு கிடைச்சது. கூடவே, ஒரு முனையில் சிவப்பு வெள்ளைப் பின்னும் மறு முனையில் ஹெட்போன் பின்னும் இருக்கற வயர் ஒண்ணு. நம்ம டப்பாவுக்குப் பின்னாடி அந்தப் பின் சொருக ஒரு ஓட்டை இருந்தது எங்க அதிர்ஷ்டம். இப்ப நிறைய மாடல்ல அதை எடுத்துடறாங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா வாங்கும்போது பின்னாடி திருப்பிப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

டப்பாவில் ஏழு பட்டன், எல்லாம் ஒரே சாம்பல் கலர், தடவிப் பார்த்தாலும் தெரியாது. வயர் வழியாக் கேக்க எதை அமுக்கணுமோ அதில் தங்கமணி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாங்க. "மாமா, பொட்டு வச்சதை ஒரு தடவை தொடுங்க, போதும்."

முதல் கேசட் அம்மா லிஸ்ட் போட்டது. டேப் தேய்ஞ்சு, மேல்தொனி எல்லாம் மங்கி, போர்வைக்குள்ளேர்ந்து பாடற மாதிரிதான் இருந்தது. சைடு ஏ கடைசியில் அந்தப் பாதிப் பாட்டு டக்குன்னு நின்னதும் பாப்பா பதறி, "தாத்தா, கராப் ஹோ கயா!"ன்னா. அப்புறம் அவளே அந்தப் பாட்டோட மிச்சத்தைத் தேடிப் போட்டுக் காட்டினா. அப்பா ஆச்சரியமாக் கேட்டார், "இதுக்கு மேலயும் பாட்டு இருக்கா?"

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். குமிழ் இல்லை. கூட்டல் கழித்தல் பட்டன்தான், ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவர் எண்ணுவார். கேசட்டைத் திருப்பிப் போட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்னா, சத்தம் வரலைன்னு டப்பா தானே தூங்கிடும், மறுபடி எழுப்பணும். அவருக்குக் காதில் மேல்தொனி குறைவு, பழைய செட்டில் ட்ரெபிளை ஏத்தி வச்சுக்குவார். இதில் அதுக்கும் ஆப்புக்குள்ளதான் போகணும். நான் ஒரு தடவை ஏத்தி விட்டேன், அதிலேர்ந்து மத்தவங்களுக்கு எல்லாப் பாட்டிலயும் 'ஸ்ஸ்'னு பாம்பு சீறுது. பழகிக்கிட்டோம். இந்த பேட்டரியும் சில வருஷத்தில் மண்டையைப் போடும், அப்போ திறந்து பார்க்க அப்பாவாலயும் முடியாது, மெக்கானிக்காலயும் முடியாது. பழையது 36 வருஷம் ஓடினது.

காலையில் அஞ்சரைக்கு டெக்கோட 'டடக்' சத்தத்தில் எனக்கு முழிப்பு வந்துடுது. நேத்து எழுந்து போய்ப் பார்த்தேன். பொட்டைத் தொட்டுட்டு, வால்யூமுக்கு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி அமுக்கிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, அந்தக் கடைக்குப் போனா பெல்ட் இன்னும் ரெண்டு வாங்கி வச்சுடுப்பா. அவன் கடையை மூடிடப் போறான்."